மெமரிக்குப் பல் பார்த்த கதை

நொண்டிக்கிடாய்ப்பட்டியில் ஆட்டுத் தரகர்கள் நாலு பேர் இருந்தார்கள். பதற வேண்டாம், இப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆகிறதெல்லாம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான்.

நாலு பேரும் சேர்ந்துதான் எதையும் வாங்குவார்கள். ஆடானாலும் அப்படி, அரைக்கிலோ வெங்காயமானாலும் அப்படி. கட்டமுத்துவின் வேலை பல் பார்ப்பது. தவசியின் வேலை தூக்கிப் பார்த்து எடை சொல்வது. காமுத்துரையின் வேலை, பேச்சு முற்றுகிற நேரத்தில் "இது நமக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போவது. விற்கிறவன் பதறிப்போய்க் கூப்பிடுவான் அல்லவா, அதற்காக. ஒச்சப்பனின் வேலை, கூட நின்று தலையாட்டுவது. நாலு பேரில் அவன்தான் தலைவன்.

ஒச்சப்பனுக்கு ஒரே மகள், கௌசிகா. அவளுக்கு அப்பாவின் மூளை வரவில்லை என்று ஊரே சந்தோஷப்பட்டது. ஒவ்வொரு சாமானாக வாங்கி, திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து, தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டியிருந்தாள். அதில் படம் வரைவாள். வரைந்த படம் நடக்கும், ஓடும். இப்போது ஓர் ஆடு வரைந்திருந்தாள். அது சுவரேறிப் போய்ச் சுவரொட்டியைத் தின்றுவிட்டு, தின்ற எழுத்தையெல்லாம் ஏப்பமாக விடும். இரண்டே நிமிடப் படம்தான். சென்னையில் ஒரு பொம்மைப்படக் கம்பெனி, வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்பு, பிடித்திருந்தால் வேலை என்று சொல்லியிருந்தது.

புதன்கிழமை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆடு சுவரில் கால் வைத்ததும் திரை நீலமாகிவிடும். கௌசிகா சோதித்துப் பார்த்தாள். உள்ளே இருந்த இரண்டு மெமரிப் பட்டைகளில் ஒன்று கெட்டிருந்தது, மற்றதையும் நம்ப முடியாது. புதிதாக ஒரு ஜோடி வாங்க வேண்டும். ஆனால் கடைசிக் காட்சிக்கு இன்னும் அறுபது படம் கையால் வரைய வேண்டியிருந்தது. அவள் எழுந்து டவுனுக்குப் போனால் ஆடு பாதிச் சுவரிலேயே தொங்கும்.

"அப்பா, நீங்க போயி வாங்கிட்டு வருவீங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

மகள் தன்னை நம்பி ஒரு காரியம் சொன்னது ஒச்சப்பனுக்கு அதுதான் முதல் தடவை. அவனுக்கு நெஞ்சு விம்மியது. "ஆத்தா, எழுதிக் குடு. எழுதினதுல ஒரு எழுத்து பிசகாம செஞ்சுட்டு வாரேன்" என்றான். அவன் சொன்னபடி செய்கிறவன். அதுதான் அவனிடம் இருந்த ஒரே கோளாறு.

கௌசிகா எழுதிக் கொடுத்தாள். பழைய பட்டை ஒன்றையும் மாதிரிக்குக் கொடுத்தாள். தாளில் இருந்தது இவ்வளவுதான்: இதே மாதிரி இரண்டு, ஒரே பெட்டியில் வருவதாக வாங்கவும். வேகம், விளக்கு என்று எதைக் காட்டினாலும் மயங்க வேண்டாம், நம்பகமானதுதான் முக்கியம். தங்க நிறப் பகுதியில் கை படக் கூடாது. பட்டையைத் தொடுவதற்கு முன்னால் இரும்பைத் தொட வேண்டும், உடம்பில் உள்ள மின்சாரம் இறங்குவதற்கு.

வியாழக்கிழமை காலையில் நாலு பேரும் பஸ் நிறுத்தத்தில் நின்று தாளைப் படித்தார்கள்.

"இரும்பைத் தொடணும்னு போட்டிருக்கு. கடையில இரும்பு இல்லாட்டி?" என்றான் தவசி.

"இருந்தாலும் அது கடைக்காரன் இரும்பு. நம்ம மின்சாரத்தை அவன் இரும்புல இறக்குனா அவன் சும்மா இருப்பானா?" என்றான் கட்டமுத்து.

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. காமுத்துரை வீட்டுக்குப் போய்க் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

டவுனில் ஜெரால்டு என்கிற பையன் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்தான். அப்போதுதான் கடையைத் திறந்து சாமிக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத் திரும்பினான். வேட்டியை மடித்துக் கட்டிய நாலு பேர் கடப்பாரையோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள். குளிர் வெளியே போகாமல் இருக்கக் கதவைச் சாத்தவும் என்று அதில் எழுதியிருந்தது. ஜெரால்டு கல்லாவைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினான்.

"பயப்படாத தம்பி. தொட்டுக்கிடத்தான் கொண்டாந்தோம்" என்றான் ஒச்சப்பன் மிக மரியாதையாக.

விஷயம் விளங்க ஜெரால்டுக்குக் கால்மணி நேரம் ஆனது. விளங்கியதும் ஒரு பெட்டியைப் பிரித்து இரண்டு பட்டைகளை மேஜைமேல் வைத்தான். அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், இரண்டு விரல் அகலம், அடியில் வரிசையாகத் தங்கக் கோடுகள். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கடப்பாரையைத் தொட்டார்கள். அப்போது மவுஸ் வாங்க வந்த ஒரு பெரியவர், கடையில் ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று தானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தவசி முதலில் தூக்கினான். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினான். முகம் சுளித்தான்.

"கறியே இல்லையே மச்சான். ரெண்டும் சேந்து நூறு கிராம் தேறாது."

"அதுக்கு எடை பாக்க மாட்டாங்கண்ணே" என்றான் ஜெரால்டு.

"எடை பாக்காம வித்தா ஏமாத்துறன்னு அர்த்தம்."

ஜெரால்டு காட்சிக்கு ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் இன்னொன்றைக் காட்டினான். அதற்கு மேலே உலோகக் கவசம், கவசத்தில் சிவப்பும் நீலமுமாக மினுக்கிற விளக்கு. காமுத்துரை அதைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனான். "கண்ணு எப்படி மினுமினுங்குது பாருங்க. இது சீக்கு கண்டது. மந்தைக்குள்ள விட்டா மத்ததுக்கும் ஒட்டும்" என்றான். மகள் விளக்கைப் பார்த்து மயங்காதே என்று எழுதியிருந்தது ஒச்சப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. பெண்ணுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று உருகிப்போனான்.

மறுபடியும் முதல் பட்டைக்கே வந்தார்கள். கட்டமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தான். ஆட்டுக்குக் கீழ்த்தாடையில் பல் பார்த்துத்தான் வயது சொல்வார்கள். இரண்டு பல் என்றால் இளசு, நாலு பல் என்றால் நல்ல பருவம், எட்டும் முளைத்துவிட்டால் முழு ஆடு, நடுவில் ஒன்று விழுந்திருந்தால் கிழடு. கட்டமுத்து இருபது வருஷமாகப் பார்த்த பல் ஒன்றுகூடத் தப்பியதில்லை.

"உதட்டைத் தூக்கு" என்றான்.

"உதடு இல்லண்ணே, அப்படியேதான் இருக்கும்" என்றான் ஜெரால்டு.

தங்கத்தில் கை படக் கூடாது. அதனால் கட்டமுத்து ஒரு விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து, படாமல் காட்டிக் காட்டி எண்ணினான். ஒரு பக்கம் நூற்று நாற்பத்து நாலு. திருப்பினான். அந்தப் பக்கமும் நூற்று நாற்பத்து நாலு. ஆடு வியாபாரத்தில் அவன் இப்படி ஒரு வாயைப் பார்த்ததே இல்லை. அவனுக்கு வேர்த்துவிட்டது. பிறகு ஈர்க்கு ஓரிடத்தில் நின்றது.

"ஒச்சு" என்றான் மெதுவாக. "நடுவுல ஒரு பல்லு இல்ல."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். தங்க வரிசைக்கு நடுவே ஒரு சின்ன வெட்டு.

"அது பல்லு இல்லண்ணே!" என்றான் ஜெரால்டு. "மாத்திச் சொருகிடக் கூடாதுன்னு கம்பெனிக்காரனே விடுற வெட்டு. எல்லாத்துலயும் இருக்கும்."

"எல்லாத்துலயுமா?"

ஜெரால்டு ஆத்திரத்தில் பதினோரு பெட்டியைப் பிரித்துப் போட்டான். பதினொன்றிலும் இருந்தது. கட்டமுத்து நிமிர்ந்து ஒச்சப்பனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பரிதாபம் இருந்தது. "மொத்த மந்தையும் கிழடுய்யா" என்றான்.

"இது நமக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுக் காமுத்துரை விறுவிறுவென்று வெளியே நடந்தான். ஜெரால்டு கூப்பிடவில்லை. கடவுளே, மற்ற மூவரும் பின்னாலேயே போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றான். கூப்பிடாவிட்டால் காமுத்துரைக்கு நிற்கத் தெரியாது. அது அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பஸ் நிலையம்வரை நடந்து, தேனி பஸ்ஸில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். தவசி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவர அரைமணி ஆயிற்று.

மணி பதினொன்று. ஒச்சப்பனுக்கு அழுகை முட்டியது. "தம்பி, எம்மக ஆறு மணிக்குள்ள படம் அனுப்பணும். அவ வேலையே இதுல இருக்கு. எப்படியாவது நம்பிக்கையானதா ஒண்ணு குடு" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கையைப் பிடிக்கும் முன் கடப்பாரையைத் தொட மறக்கவில்லை.

ஜெரால்டு இளகிப்போனான். "அண்ணே, முதல்ல காட்டினதுதான் நல்லது. இதுக்கு ஆயுள் முழுக்க கேரண்டி இருக்கு. கெட்டா மாத்தித் தருவாங்க."

"யாரு ஆயுள்?" என்றான் தவசி.

பதினைந்து வருஷ வியாபாரத்தில் ஜெரால்டின் அப்பாவையோ அவனையோ யாரும் இதைக் கேட்டதில்லை. "வாங்குறவங்க ஆயுள்னு வச்சுக்கங்க. யார் பேருக்கு பில் போட?"

நாலு பேரும் மூலைக்குப் போய்க் கூடிப் பேசினார்கள். ஒச்சப்பனுக்குச் சர்க்கரை இருந்தது. கட்டமுத்துவுக்கு இருமல். தவசி நல்ல உடம்புதான், ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். காமுத்துரை எந்த நேரத்தில் எழுந்து போவான் என்று சொல்ல முடியாது. கௌசிகா பேரில் போடலாம் என்றால், பெற்ற பிள்ளையின் ஆயுளை வைத்து வியாபாரம் பேச ஒச்சப்பனுக்கு மனசு வரவில்லை. வெகுநேர யோசனைக்குப் பிறகு, சாகவே வாய்ப்பில்லாத ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். ஜெரால்டு மறுபேச்சுப் பேசாமல், 'அருள்மிகு எல்லைக்கருப்பசாமி, நொண்டிக்கிடாய்ப்பட்டி' என்று பில் போட்டான். போன் நம்பர் கேட்கிற இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டுவிட்டான்.

வாங்கியாகிவிட்டது. அங்கேயே கதை நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஓரமாகக் குடை விரித்துப் பல் கட்டுகிற வரதன் உட்கார்ந்திருந்தான்.

கட்டமுத்து நின்றான். "ஒச்சு, நம்ம புள்ளைக்குப் பல்லு விழுந்ததைக் குடுக்குறதா?"

"மனசு கேக்கல" என்றான் ஒச்சப்பன்.

வரதன் யாருடைய வாய் என்று விசாரிக்கிற பழக்கம் இல்லாதவன். மாவைக் குழைத்து, ஒரு பட்டையின் வெட்டை அழகாக அடைத்து, ஊதிக் காயவைத்து, மேலே தங்க நிறமும் பூசிக் கொடுத்தான். தங்கத்தில் அவன் கை படாமல் இருக்க அவனுக்கும் ஒரு ஈர்க்கு கொடுத்திருந்தார்கள். இரண்டாவது பட்டைக்கு மாவு தீர்ந்துபோனது. ஒச்சப்பனுக்கு அது பெரிய மனக்குறை.

ஒன்றரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். கௌசிகா அறுபது படத்தையும் முடித்துவிட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். பெட்டியைப் பிரித்தாள். "சரியானதையே வாங்கிட்டு வந்திருக்கீங்களே அப்பா!" என்றாள். ஒச்சப்பனுக்கு வானத்தில் நடப்பது போலிருந்தது. அடுத்த நிமிடம் அவள் கையில் அந்தத் தங்கப்பல் கட்டிய பட்டை வந்தது. அது குழிக்குள் இறங்கவில்லை. திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரதன் கட்டின பல் பத்து வருஷம் அசையாது.

"என்னப்பா இது?"

"பல்லு கட்டியிருக்கும்மா. இன்னொண்ணுக்கு மாவு பத்தல" என்றான் ஒச்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு.

கௌசிகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு மாவு பற்றாமல் தப்பித்த பட்டையை எடுத்துக் குழியில் வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. ஒன்றைக்கொண்டு மெதுவாக ஓட்டலாம். ஓடட்டும் என்று முடிவு செய்தாள். ஆனால் இதுவும் கெட்டதாக இருந்துவிட்டால்? ஒரு மணி நேரமாவது சோதிக்காமல் படத்தில் கை வைக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. சோதனையை ஓடவிட்டு, திரையில் ஓரிடத்தைக் காட்டினாள்.

"எத்தனை தப்புன்னு இங்க காட்டும். இப்ப சைபர். இது மாறவே கூடாது. நான் ரெண்டு வாய் சாப்பிட்டு வந்துடறேன், பாத்துக்கங்க."

அவள் திரும்பி வந்தபோது கட்டமுத்து கட்டைவிரலால் திரையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. மற்ற மூவரும் அடுத்த முறைக்காக விரலைச் சொடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"மாமா, விரலை எடுங்க."

"எடுத்தா மாறிரும் தாயி."

"அது மாறுதான்னுதான் பாக்கணும்!"

"மாறக் கூடாதுன்னுதான சொன்ன? நான் இருக்குறவரைக்கும் மாறாது" என்றான் கட்டமுத்து.

கௌசிகாவும் மற்ற மூவரும் சேர்ந்து இழுத்துத்தான் விரலை எடுக்க வேண்டியிருந்தது. அடியில் சைபர் சைபராகவே இருந்தது. ஒரு மணி நேரம் முடிந்தும் சைபர்தான். மெமரி பழுதில்லை. தன் விரலுக்கு இவ்வளவு சக்தியா என்று கட்டமுத்து அன்று முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

படம் மெதுவாக ஒன்று சேர்ந்தது. நாலு மணி, ஐந்து மணி. ஒச்சப்பன் மூச்சு விடுவதற்கே பயந்து வாசலில் போய் மூச்சு விட்டுவிட்டு வந்தான். ஐந்து ஐம்பதுக்கு ஆடு சுவரேறி, சுவரொட்டியைத் தின்று, நிறைவாக ஏப்பம் விட்டது. திரை நீலமாகவில்லை. கௌசிகா ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"அனுப்பிட்டேன்ப்பா! சென்னைக்குப் போயிடுச்சு!" என்று அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ஒச்சப்பன் வாய்விட்டு அழுதான். இரண்டு நாள் தூங்காத பெண், அப்படியே போய்ப் பாயில் விழுந்து தூங்கிவிட்டாள்.

நாலு பேரும் ஆட்டைப் பார்க்க வந்து நின்றார்கள். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்த தவசியின் முகம் மெல்ல மாறியது.

"ஒச்சு, போயிருச்சுன்னு புள்ள சொல்லுச்சு. ஆடு இங்கயே நிக்குதே?"

விற்ற ஆட்டை வீட்டிலேயே கட்டி வைத்திருக்கிறவன் என்று பேர் வாங்கினால் சந்தைக்குள் தலைகாட்ட முடியாது. அசதியில் பிள்ளை ஆட்டை ஏற்ற மறந்துவிட்டாள். அங்கே ஆறு மணிக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள். ஆடு போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும்.

"எழுப்பலாமா?" என்றான் காமுத்துரை.

"பாவம், தூங்கட்டும். பெத்தவன் எதுக்கு இருக்கேன்?" என்றான் ஒச்சப்பன்.

ஆறரைக்குச் சென்னைக்குப் போகிற ஆட்டு லாரி ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரை ஒயரோடு சுருட்டி, ஆட்டுக்கு மூச்சு முட்டாமல் இருக்கச் சாக்கை மேலே மட்டும் போர்த்தி, வழிச்சாப்பாட்டுக்கு ஒரு கட்டு வேப்பங்குழையும் பக்கத்தில் வைத்து ஏற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி வாசலில் போய் இறங்கியவர்கள் உள்ளே பார்த்துத் திகைத்து நின்றார்கள். வரவேற்பு அறையில் சுவர் அளவுக்குப் பெரிய திரை. அதில் அவர்கள் ஆடு சுவரேறிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாம இன்னும் இறக்கவே இல்லையே. இது எப்ப உள்ள போச்சு?" என்றான் காமுத்துரை.

அங்கே வேலை செய்கிற ஒரு நல்ல மனுஷன் இவர்கள் கொண்டுவந்த கம்ப்யூட்டருக்கு ஒயர் மாட்டி ஓட்டிக் காட்டினான். அதிலும் ஆடு நின்றது. கட்டமுத்து இந்த ஆட்டையும் அந்த ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அதே நெற்றிச் சுட்டி, அதே மடிந்த காது. ஆனால் அது பெரிசு, இது சின்னது.

"லாரியிலேயே குட்டி போட்டிருக்கு" என்றான்.

"ஒரு சத்தமும் போடலையே?" என்றான் தவசி.

"நல்ல சாதி ஆடு. சத்தம் போடாது."

சந்தையில் அதற்கும் விதி உண்டு. விற்ற ஆடு போய்ச் சேருவதற்குள் வழியில் குட்டி போட்டால், தாய் வாங்கியவனுக்கு, குட்டி விற்றவனுக்கு. அதைச் சொன்னதும் கம்பெனிக்காரர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். ஒச்சப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

"அப்பா! எனக்கு வேலை கிடைச்சிடுச்சு! திங்கட்கிழமை வீட்டுலயிருந்தே ஆரம்பிக்கணும். கம்ப்யூட்டர் எங்கப்பா?"

"எங்கிட்ட பத்திரமா இருக்கு ஆத்தா. ஆடு வழியில குட்டி போட்டிருச்சு. குட்டி நமக்குத்தான்னு கம்பெனிக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க" என்றான் ஒச்சப்பன்.

கௌசிகா ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள். "சரிப்பா. அந்தக் குட்டியைத் தூக்கிட்டு அடுத்த பஸ்ல வந்துடுங்க. திங்கட்கிழமைக்குள்ள வேணும்."

"அதெப்படிம்மா, பால் மறக்காத குட்டியைத் தாய்கிட்டயிருந்து பிரிக்கிறது? பாவம் இல்லையா? மூணு மாசம் பொறுத்துக்க, நாங்க இங்கயே இருந்து கூட்டியாறோம்."

அவனுக்குப் பின்னால் தவசி செக்யூரிட்டியிடம், பெரிய திரையை ஒரு முழம் தாழ்த்தி மாட்டச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான். குட்டிக்கு மடி எட்டவில்லையாம்.